மாதுங்கா தந்த கஜல் பாடகர்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மிடையே நெடுங்காலமாகக் கவலை ஒன்று இருந்து வருகின்றது. வேற்று மொழியில் ஊறி வளரும் நம் பிள்ளைகள் தாய்மொழிக்கு அயலாராகி விடுவரோ என்பதே அது. பாடகர் ஹரிஹரனின் வரலாறு இக்கவலைக்கு ஒருவாறு விடை பகர்கின்றது.

1955-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் பிறந்த ஹரிஹரன் பம்பாயில் வளர்ந்தார். மாதுங்காவிலுள்ள டான் பாஸ்கோ பள்ளியில் பயின்றார். தந்தையார் எச்.ஏ.எஸ். மணியும் தாயார் அலமேலு மணியும் கர்நாடக சங்கீதத்தில் தேர்ந்தவர்கள். இளமையில் மெஹ்தி ஹசனின் கஜல்கள் ஹரிஹரனின் உள்ளத்தைக் கவர்ந்தன. அவர் உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். உருது மொழியையும் கற்றார்.

கஜல் என்பது பெரும்பாலும் காதலைப் பாடும் ஈரடிக் கண்ணிகளின் தொகுதி. நம் குறட்பாவைப் போல ஒவ்வொரு கண்ணியும் தன்னளவில் பொருள் முற்றி நிற்கும். கண்ணிதோறும் இறுதியில் ஒரே சொல் மீண்டும் வரும். அதனை ஒவ்வொரு முறையும் புதிய உணர்வோடு ஒலிப்பதே பாடகரின் திறன். ஒரே அடியைப் பலவாறு விரித்துப் பாடும் நம் நிரவலும் இதற்கு உறவுடையதே. வீட்டில் பெற்ற செல்வம் வெளியிலும் கைகொடுத்தது என்று நாம் கருதலாம்.

1977-இல் அகில இந்திய ‘சுர் சிங்கார்’ போட்டியில் வென்ற அவரை, இசையமைப்பாளர் ஜெய்தேவ் 1978-இல் வெளிவந்த ‘கமன்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் பாடச் செய்தார். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து டாக்ஸி ஓட்டும் ஒருவனின் கதை அது. பின்னர்த் தாமே மெட்டமைத்த கஜல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டார். 1992-இல் வெளிவந்த ‘ஹாஸிர்’ தொகுப்பில் ஜாகிர் உசேன் தபலா வாசித்தார்.

அதே ஆண்டில் ‘ரோஜா’ திரைப்படத்தின் வாயிலாக ஏ.ஆர். ரஹ்மான் அவரைத் தமிழ்த் திரைக்கு அழைத்து வந்தார். 1995-இல் ‘பம்பாய்’ படத்தில் அவர் பாடிய காதற்பாடல் தமிழகமெங்கும் ஒலித்தது. உருதுவில் பழகிய அக்குழைவைத் தமிழ்மக்கள் தமதாகவே ஏற்றனர். 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்தியிலும் மராத்தியிலும் பாடியமைக்காக இருமுறை தேசிய விருதும் பெற்றார்.

அயல்மொழியை ஆழ்ந்து கற்றதனால் ஹரிஹரன் தமிழை இழக்கவில்லை. தமிழுக்குப் புதியதொரு குரலைக் கொணர்ந்தார். ஆயினும் அதற்கு அடிப்படையாக ஒரு வீடு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இவ்வூரின் மொழியைப் பிள்ளைகள் தயங்காது கற்கட்டும். நம் மொழியும் இசையும் அவர்கள் செவியில் நாள்தோறும் விழச் செய்வது நம் கடமையாகும்.