தண்ணீர்விட்டானும் ரோமாபுரி கேட்டோவும்

ஹோட்டல் சூப்ல வர்ற ஆஸ்பராகஸ் சீமைச் சரக்கு. அதோட பங்காளி நம்ம தண்ணீர்விட்டான். எங்க கணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலைக் காட்டுல வளர்ற முள்கொடி.

கி.மு. 160 வாக்கில் ரோமானியர் கேட்டோ, வயசான ஆஸ்பராகஸைத் தோண்டி, வேரைப் பிரிச்சு, பள்ளம் வெட்டி, ஓரடி இடைவெளியில் திரும்ப நடச் சொல்லி எழுதி வச்சார். 1753ல் லின்னேயஸ் சீமைச் செடிக்கும், 1799ல் வில்டெனோ நம்ம கொடிக்கும் லத்தீன் பேர் வச்சாங்க.

நம்மாளுங்க வச்ச பேர்லயே சூட்சுமம் இருக்கு. கிழங்கெல்லாம் தண்ணி! அதான், மண் உதிர்ந்த வேரையும் ஈரமணல்ல மூடி நிழல்ல வச்சா சில நாள் தாங்கும். மழை பிடிச்சதும் நடலாம்.

மருந்துக்காக மொத்தமா தோண்டினா கொடி காலி. தண்டு முளைக்கிற தலைப்பகுதியோட கொஞ்சம் வேராவது மண்ணுக்குத் திரும்பணும். கேட்டோ சொன்னதும் அதானே?