ஒட்டுக்கட்டிய கைகள்

கனியை உண்ணும் நாம், மரத்தை வளர்த்த கைகளை நினைப்பது அரிது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் 'ஓக் ஆலி' என்னும் பழம்பெரும் பண்ணை உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அது ரோமன் குடும்பத்தாருக்கு உரியதாய் இருந்தது. அடிமைகளின் உழைப்பால் அங்கே கரும்பு விளைந்தது.

பீக்கன் என்னும் கொட்டை மரம் அந்நாட்டில் இயற்கையாக வளர்வது. அக்ரூட்டின் உறவான அதன் பருப்பு இனிமையானது. ஆயினும், விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே ஏற்பதில்லை. நல்ல மரத்தைப் பெருக்க ஒட்டுக்கட்டுதலே வழி. 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதைச் செய்து வெற்றி கண்டவர், அப்பண்ணையின் அடிமைத் தோட்டக்காரரான அந்துவான். அவர் முதலில் ஒட்டுக்கட்டியவை 16 மரங்கள். அவை பல்கித் தோப்பாயின. உரிமையாளர் மறைந்தபின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலோ, அந்துவானின் திறமையைக் குறித்து, அவருக்கு 1,000 டாலர் விலை மதித்தது.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியில் அம்மரத்தின் கொட்டை பரிசு பெற்றது. அவ்வினத்திற்கு 'நூற்றாண்டு' எனப் பொருள்படும் 'சென்டென்னியல்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அந்துவானின் பெயர் சூட்டப்படவில்லை. பின்னாளில் கரும்பு நடுவதற்காக அம்மரங்களும் வெட்டப்பட்டன.

எனினும், இன்று வணிகத்திற்கென வளர்க்கப்படும் பீக்கன் தோப்புகள் ஒட்டு மரங்களையே நம்பி நிற்கின்றன. மனிதருக்கு விலை எழுதிய ஏட்டிலேயே அவர் கைத்திறனும் பதிவாகி நிலைத்தது. நம் நிலங்களின் விளைச்சலைக் கணக்கிடும்போது, உழைத்தவர்களின் பெயர்களையும் நாம் எழுதி வைப்போமா?