சிக்னல் யாரை எண்ணுகிறது?

1928இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துச் சந்திப்பு ஒன்றில் விநோதமான ஒரு சிக்னல் வந்தது. கிளைச்சாலையில் வருகிறவருக்கு எப்போதும் சிவப்புதான். வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். கம்பத்தில் மாட்டியிருக்கும் மைக் அந்தச் சத்தத்தைக் கேட்டு, பெரிய சாலையை நிறுத்திவிட்டு இவருக்குப் பச்சை போடும். சிவப்பு எரியும்போதே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவர்களைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். அங்கே ஒரு காலத்தில் அதுதான் முறை.

இதைச் செய்தவர் சார்லஸ் ஆட்லர், ரயில்வே சிக்னல்களில் வேலை பார்த்தவர். அவர் தீர்க்க நினைத்த சிக்கல் நமக்கும் தெரிந்ததுதான்: ஆளே இல்லாத ரோட்டுக்கு எதுக்குப் பச்சை?

இந்தச் சிக்கல் முதல் சிக்னலுக்கு இருக்கவில்லை. 1868 டிசம்பரில் லண்டனில் நாடாளுமன்றத்துக்கு வெளியே வைத்த கேஸ் விளக்குச் சிக்னலை ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்று கையால் இயக்கினார். எந்தப் பக்கம் கூட்டம், யார் அவசரத்தில் இருக்கிறார், எந்தப் பாட்டி பாதி ரோட்டில் நிற்கிறார் என்று பார்க்க அவருக்குக் கண் இருந்தது. அடுத்த மாதமே கேஸ் வெடித்து அவர் காயமடைந்தார்; அந்த முயற்சி அத்தோடு நின்றது. பிறகு 20ஆம் நூற்றாண்டில் மின்விளக்கும் கடிகாரமும் வந்தபோது போலீஸ்காரரை அனுப்பிவிட்டார்கள். அவரோடு சேர்ந்து அவருடைய கண்ணும் போய்விட்டது. போக்குவரத்துக்கு ஏற்ப தானே மாறும் சிக்னலின் வரலாறு என்பது அந்தக் கண்ணைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்த வரலாறு. ஆனால் திரும்பி வந்த கண், பழைய கண் பார்த்த எல்லாரையும் பார்த்ததா?

ஆட்லர் 1929இல் பால்டிமோரிலேயே இன்னொன்றையும் வைத்தார்: நடந்து போகிறவர்கள் அமுக்குவதற்கு ஒரு பட்டன். காரில் வருகிறவருக்கு ஒரு காது, நடந்து வருகிறவருக்கு ஒரு பட்டன். கிட்டத்தட்ட ஒரே வயதுள்ள இந்த இரண்டு யோசனைகளும் போன பாதைகள் வேறு வேறு.

கார்களுக்கான பாதை வேகமாக முன்னேறியது. ஹாரனுக்குப் பதிலாக, சக்கரம் ஏறினால் அழுத்தத்தை உணரும் தகடுகள் சாலையில் பதிக்கப்பட்டன. 1960களில் கம்பிச் சுருள் வந்தது. தார்ச்சாலையில் மெல்லிய பள்ளம் வெட்டி, சில சுற்றுகள் கம்பி பதித்து, அதில் மின்சாரம் ஓடவிடுவார்கள். மேலே பெரிய உலோகப் பரப்பு வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் குறையும். பெட்டிக்குள் இருக்கும் கருவி 'வண்டி வந்துவிட்டது' என்று குறித்துக்கொள்ளும். உலகத்தின் பெரும்பாலான 'அறிவுள்ள' சிக்னல்கள் பல பத்தாண்டுகள் இந்தச் சுருளை நம்பித்தான் இருந்தன.

அடுத்து கணக்கு. இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். ஒரு முழுச் சுற்று ரொம்பச் சின்னதாக இருந்தால் நிறுத்துவதிலும் கிளப்புவதிலுமே நேரம் போகும். ரொம்ப நீளமாக இருந்தால் எதிர்ப்பக்கம் நிற்பவர் காத்துக்கொண்டே கிடப்பார். நடுவில் தாமதம் மிகக் குறைவாக இருக்கும் ஒரு நீளம் உண்டு. அதை இப்படிக் கண்டுபிடிக்கலாம் என்றார். பொறியியல் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். யாருடைய தாமதம்? வண்டிகளுடைய தாமதம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

பிறகு கணினி. ஜோசப் கேட்ஸ் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, கனடா வந்து சேர்ந்தவர். 1950இல் டொராண்டோ கண்காட்சி ஒன்றில் மனிதர்களோடு புள்ளடி ஆடும் சுமார் நான்கு மீட்டர் உயர இயந்திரத்தைக் காட்டியவர். அதே டொராண்டோவின் சிக்னல்களை 1963இல் ஒரு யூனிவாக் கணினியின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த திட்டத்துக்குப் பின்னாலும் அவர்தான் இருந்தார்.

இதற்கப்புறம் எல்லாம் சுலபம் என்றுதான் தோன்றும். கணினி வேகமானது, சாலையில் கண் இருக்கிறது, நொடிக்கு நொடி பார்த்து முடிவெடுத்தால் போதுமே? 1970களில் வாஷிங்டன் நகரத்தில் அமெரிக்க அரசு இதைச் சோதித்துப் பார்த்தது. மூன்று தலைமுறைத் திட்டங்கள். முதலாவது, முன்கூட்டியே தயாரித்து வைத்த நேர அட்டவணைகளில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புது அட்டவணை போடும். மூன்றாவதுதான் மேதை, எல்லாவற்றையும் அவ்வப்போதே கணித்து மாற்றும். கடைசியில் முதலாவதுதான் ஜெயித்தது. மேதை வந்ததும் நெரிசல் முன்பைவிட மோசமானது.

ஏன்? அளந்து முடிப்பதற்குள் சாலை மாறிவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களைக் கணித்தால் கணிப்பு தப்புகிறது. அட்டவணையை மாற்றும்போதெல்லாம் பக்கத்துச் சிக்னல்களோடு இருந்த ஒத்திசைவு கலைந்து, அதைச் சரிசெய்யவே நேரம் போகிறது. சரி, அட்டவணையே போதும் என்று விட்டுவிடவும் முடியாது. ஊர் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய அட்டவணையின் பலன் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் தேய்கிறது என்று பிரிட்டனில் பிறகு கணக்கிட்டார்கள்.

விடை பொறுமையில் இருந்தது. இங்கிலாந்தில் ராபர்ட்சனும் சகாக்களும் கிளாஸ்கோவிலும் கவென்ட்ரியிலும் சோதித்து 1981இல் வெளியிட்ட 'ஸ்கூட்', பெரிய முடிவே எடுக்காது. கம்பிச் சுருளைச் சிக்னலுக்கு வெகு முன்னாலேயே பதித்து, வரப்போகும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும். பச்சையைச் சில நொடிகள் முன்னே பின்னே தள்ளும், அவ்வளவுதான். சின்னச் சின்ன திருத்தங்கள் சேர்ந்து நாள் முழுக்க நகரத்தைப் பின்தொடரும். சிட்னியில் ஆர்தர் சிம்ஸ் குழு உருவாக்கிய 'ஸ்காட்ஸ்' நிறுத்தக் கோட்டருகே சுருளைப் பதித்தது. கொடுத்த பச்சை முழுதாகப் பயன்பட்டதா, வீணானதா என்று பார்த்து அடுத்த சுற்றைத் திருத்தியது. ஒன்று வரப்போவதைப் பார்த்தது, இன்னொன்று நடந்து முடிந்ததை. உலகின் பல நகரங்கள் இந்த இரண்டில் ஒன்றையே வாங்கின.

இப்போது அந்தப் பட்டனுக்கு வருவோம்.

நியூயார்க்கில் சிக்னல்கள் கணினி வசம் போனபோது பாதசாரிப் பட்டன்களில் பெரும்பாலானவை துண்டிக்கப்பட்டன, ஆனால் கழற்றப்படவில்லை. சுமார் 3,250 பட்டன்களில் 2,500க்கும் மேல் வேலை செய்யவில்லை என்று 2004இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஜனம் பல வருடங்களாக நம்பி அமுக்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறவருக்கும் முறை வந்துவிடும், அதனால் பட்டன் தேவையில்லை என்பது நியாயமான பதில்தான். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்க. காரின் வருகை மேலும் மேலும் நுட்பமாக எண்ணப்பட்ட அதே காலத்தில், மனிதரின் விரல் எண்ணப்படாமலே போயிற்று.

கம்பிச் சுருளுக்கு உலோகம்தான் தெரியும். அறுபது பேர் ஏறிய பேருந்தும் ஒருவர் ஓட்டும் காரும், தனி ஏற்பாடு இல்லாவிட்டால், அதற்கு ஒவ்வொரு வண்டிதான். சைக்கிள் பல நேரம் தெரியாது. செருப்பு தெரியவே தெரியாது. இந்தியச் சாலையில் இன்னொரு சிக்கலும் உண்டு: வரிசை என்பதே கிடையாது. பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நெளிந்து வந்து முன்னால் நிற்கும் பைக்குகளை எப்படி எண்ணுவது? இப்படிப்பட்ட கலவைப் போக்குவரத்துக்காகவே திருவனந்தபுரத்து சி-டாக் 'கோசிகாஸ்ட்' என்ற முறையை உருவாக்கியது. பைக்கை எண்ணக் கற்றுக்கொள்வது பெரிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இத்தனை சாவுக்கும் சிக்னல் காரணமில்லைதான். ஆனால் 'தாமதம் குறைந்தது' என்று ஒரு நகரம் அறிவிக்கும்போது இவர்கள் காத்திருந்த நேரம் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று கேட்கலாம் அல்லவா?

இந்தப் பிழையைத் திருத்த முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2014இல் லண்டனின் பாலம், டூட்டிங் பெக் ரயில் நிலையங்களுக்கு வெளியே, காத்திருக்கும் கூட்டத்தைக் கேமராவால் பார்த்து நடக்கும் நேரத்தை நீட்டும் ஏற்பாட்டைச் சோதித்தார்கள். அது அதே பழைய ஸ்கூட்தான். எண்ணும் பட்டியலில் மட்டும் மனிதர்களைச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் சிக்னல் கையேடு, மனிதர் நொடிக்கு நான்கு அடி நடப்பார் என்ற பழைய அனுமானத்தை 2009இல் மூன்றரை அடியாகக் குறைத்தது. அரை அடி அற்பமாகத் தெரியலாம். ஐம்பது அடிச் சாலையில் அது கிட்டத்தட்ட இரண்டு நொடி.

அதே 2009இல் சிங்கப்பூரில் 'கிரீன் மேன் பிளஸ்' வந்தது. அங்கே நகரம் முழுக்க ஸ்காட்ஸ் வழியில் வந்த சிக்னல் கட்டுப்பாடுதான். முதியவர் தன் சலுகைப் பயண அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியில் தொட்டால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடிகள் பச்சை மனிதன் கூடுதலாக நிற்பான். அந்த நேரம் முழுக்கக் கார்கள் நிற்கும். வண்டிகளின் தாமதத்தை மட்டும் எண்ணுகிற கணக்கில் அது நஷ்டம். பாதி ரோட்டில் நின்ற பாட்டியைப் பார்த்துக் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திய போலீஸ்காரருக்கு அது நஷ்டமாகத் தோன்றியிருக்காது.