சுப்பாராவின் மருந்தும் தப்பிப் பிழைத்த செல்களும்

செஞ்சியிலிருந்து ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போய் வரும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "நோய் இல்லை என்று டெஸ்டில் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ் 1923-இல் அமெரிக்கா போனார். பின்னாளில் அங்கே லெடர்லே நிறுவனத்தில் அவர் குழு உருவாக்கிய அமினாப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் வெளியான முடிவின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அந்தத் தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. அதே மருந்து இப்போது பலிக்கவில்லை.

காரணம் தெளிவாக 30 ஆண்டுகள் ஆயின. அமினாப்டெரினின் தம்பி என்று சொல்லத்தக்க மெத்தோட்ரெக்சேட், செல் பெருகத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. அதற்கு மசியாத எலிச் செல்களை ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கே குழு ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டது: அந்த நொதிக்கான மரபணு அவற்றில் பல மடங்கு படியெடுக்கப்பட்டிருந்தது. படிகள் கூடினால் நொதியும் கூடும், மருந்து போதாது. செல் பிரியும்போது இந்தப் படிகள் பிள்ளைச் செல்களுக்கும் போகின்றன, அப்பன் சொத்து போல. (மருந்து இல்லாத காலத்தில் சில செல்கள் அந்தச் சொத்தைத் தொலைத்துவிடுவதும் உண்டு.)

கோடிக்கணக்கான செல்களில் இப்படிச் சில தற்செயலாக முன்பே இருக்கலாம். மருந்து மற்றவற்றை அழிக்க, இவை பெருகுகின்றன. நம் கோட்டைக் கதையும் அப்படித்தானே? 1690-இல் தொடங்கிய முகலாயர் முற்றுகையில் கோட்டை 1698-இல் விழுந்தது. ஆனால் ராஜாராம் தப்பிப்போய் மகாராஷ்டிரத்தில் போரைத் தொடர்ந்தார்.

ஆகவேதான் 1960-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லா மருந்துக்கும் தப்பும் வித்தை ஒரே செல்லுக்கு வாய்ப்பது அரிது. அரிதுதான், இல்லாமல் இல்லை: உள்ளே வந்த பலவகை மருந்துகளையும் வெளியே இறைத்துவிடும் ஒரு புரதத்தை டொராண்டோவில் விக்டர் லிங் 1976-இல் கண்டார்.

அடையாறில் டாக்டர் வி. சாந்தா காலத்தில், 1980-களில், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற கூட்டுமருந்து முறை வந்தது. ஐந்தில் ஒரு குழந்தை என்றிருந்த மீட்சி ஏறக்குறைய பாதியாக உயர்ந்தது. அந்த முறையில், நோய் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் மாதக்கணக்கில் மாத்திரை தொடரும். அவற்றில் ஒன்று மெத்தோட்ரெக்சேட்.