புரதத்தைக் குலைக்கும் சவர்க்காரம், காக்கும் சவர்க்காரம்



அமிர்தகழியிலிருந்து காத்தான்குடி வரை சவர்க்காரம் இல்லாத வீடு இல்லை. அதன் வேலை அழுக்கைப் போக்குவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் தொய்வுக்காரர் இழுக்கும் பம்ப் மருந்து உடம்பில் எங்கே போய்ப் பிடிக்கிறது என்று அறிவதற்கும் சவர்க்காரமே கைகொடுத்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பாலான மென்சவ்வு மூடியிருக்கிறது. அதில் பதிந்துள்ள புரதங்களே கலத்தின் வாசல்கள். பல மருந்துகள் தட்டுவது இந்த வாசல்களைத்தான். இவற்றை ஆராயக் கொழுப்பிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். ஆனால் வெறும் நீரில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். சவர்க்கார மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் கொழுப்பை விரும்பும் வாலும் உண்டு. வால்கள் புரதத்தைச் சுற்றிப் பற்றிக்கொள்ள, அது நீரில் மிதக்கும். சிக்கல் என்னவென்றால், சவர்க்காரம் கடுமையாக இருந்தால் புரதத்தின் உருவமே குலைந்துபோகும். சம்போப் போத்தல்களில் காணும் சோடியம் லோரைல் சல்பேற்று அப்படியான ஒன்று.

குலைந்ததை மீட்கலாமா? இதற்கு விடை தந்தவர்களில் ஒருவர் ஹர் கோபிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற சிற்றூரில் 1922இல் பிறந்தவர். தந்தை கிராம வரிக் கணக்கர். ஊரில் எழுத்தறிவுள்ள குடும்பம் அவர்களுடையது மட்டுமே என்று சொல்லுமளவுக்குச் சிறிய ஊர். தொடக்கக் கல்வி மரத்தடியில். மரபுக் குறியீட்டு ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசு பெற்றார். அதோடு ஓய்ந்துவிடாமல், அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மென்சவ்வுப் புரதங்களின் பக்கம் திரும்பினார்.

அவர் எடுத்துக்கொண்டது உப்பளங்களில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதா நிறப் புரதம். ஒளி பட்டால் அது புரோத்தன்களை வெளியே தள்ளும். 1981இல் அவரது குழுவினர் அப்புரதத்தை முற்றாகக் குலைத்து, அந்தக் கடும் சவர்க்காரத்திலேயே கரைத்து வைத்தனர். பிறகு கொழுப்பையும், மென்மையான சவர்க்காரம் போன்ற பித்த உப்பையும், விற்றமின் ஏ வகைச் சேர்மமான ரெற்றினலையும் சேர்த்தனர். ஊதா நிறம் திரும்பியது. புரதம் மறுபடி வேலை செய்தது! பொருத்தமான சூழல் கிடைத்தால் புரதம் தன் உருவத்தைத் தானே மீட்கும் என்பது தெளிவானது.

மென்சவ்வுப் புரதங்களைப் பளிங்காக்கவே முடியாது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. ஜேர்மனியின் ஹார்ட்முட் மிசெல் தகுந்த சவர்க்காரத்தைத் தேர்ந்து, ஒளித்தொகுப்புப் பற்றீரியாவின் புரதத்தைப் பளிங்காக்கி 1982இல் அறிவித்தார். அதன் உருவத்தைக் கண்டதற்காக அவருக்கும் டைசன்ஹோபர், ஹூபர் ஆகியோருக்கும் 1988இல் நோபல் கிடைத்தது.

அதன்பின் சவர்க்காரத்தைத் தேடுவதோடு, அதைத் திட்டமிட்டு ஆக்குவதும் வளர்ந்தது. வால் குட்டையானால் புரதத்தைச் சரியாகக் காக்காது. நீளமானால் போர்வை பெருத்துப் பளிங்காவதைக் கெடுக்கும். 12 காபன் கொண்ட வால் பலவற்றுக்குப் பொருந்தியது. நம் தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லோரிக் அமிலத்திலும் காபன் 12தான். அந்த வாலில் மோல்ற்றோஸ் என்ற சீனியைத் தலையாகப் பொருத்தினால் மென்மையான சவர்க்காரம் கிடைக்கும். 2010இல் சே, கெல்மன் குழுவினர் இரண்டு தலைகளையும் இரண்டு வால்களையும் ஒரே காபனில் இணைத்தனர். புரதம் இன்னும் நெடுநேரம் நிலைத்தது.

அடுத்த ஆண்டே பிரையன் கோபில்காவின் குழு அந்தச் சவர்க்காரத்தின் துணையோடு, அதிரினலின் வாங்கியான பீற்றா-2 தன் துணைப் புரதத்துடன் இணைந்திருக்கும் உருவத்தை வெளியிட்டது. தொய்வுக்கான சல்பியூற்றமோல் போய்ப் பிடிப்பது இந்த வாங்கியைத்தான். 2012இல் கோபில்காவுக்கும் லெப்கோவிற்சுக்கும் நோபல் கிடைத்தது.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகளே, சவர்க்காரப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டுமென்று படிக்காதீர்கள். தலை, வால் என்று நாம் கரும்பலகையில் வரையும் அந்தச் சின்னப் படத்திலிருந்துதான் இத்தனையும் தொடங்கியது. பெற்றோரே, கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். மரத்தடியில் படித்த பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?