ஏவலும் வியங்கோளும்



பிறரை ஏவும் சொல்லில் ஒருவருடைய பண்பு வெளிப்படும். அப்பண்பை இசுபானிய மொழியும் தமிழும் எவ்வாறு இலக்கணமாக்கி வைத்துள்ளன என்பதைச் சிறிது ஆராய விழைகின்றேன். எங்கள் வானூர் வட்டத்தார்க்கு இஃது அயற்செய்தி அன்று. வட்டத்தின் எல்லையில் உள்ள புதுவையில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நிலவியது. 1968-இல் இவ்வட்டத்தில் தோன்றிய ஆரோவில்லில் இன்று பல நாட்டு மொழிகள் ஒலிக்கின்றன. இசுபானியமும் அவற்றுள் ஒன்று.

இசுபானிய மொழியின் முதல் அச்சு இலக்கணம் 1492-இல் வெளிவந்தது. அதனை இயற்றியவர் நெப்ரிஹா என்னும் அறிஞர். அம்மொழியில் வினைக்கு மூன்று பாங்குகள் உண்டு. உள்ளதை உரைப்பது ஒன்று, விருப்பம், ஐயம் முதலியவற்றை உணர்த்துவது மற்றொன்று, ஏவுவது மூன்றாவது. தோழனிடம் 'ஆப்ளா' என்றால், 'பேசு' என்று பொருள். பெரியவரிடம் அவ்வாறு சொல்லலாகாது. 'ஆப்ளே' என விருப்பப் பாங்கின் வடிவத்தையே ஆளுதல் வேண்டும். அரசனை வாழ்த்தும் 'வீவா' என்னும் சொல்லும் அப்பாங்கினதே. அது நம் 'வாழ்க' என்பதை நினைவூட்டவில்லையா? 'பேசாதே' என விலக்கும்போது, தோழனிடத்தும் விருப்பப் பாங்கே வரும்: 'நோ ஆப்ளெஸ்'.

பெரியவரைக் குறிக்கும் 'உஸ்தெத்' என்னும் பெயர்க்கு ஒரு வரலாறு உண்டு. 'உம் அருள்' என்னும் பொருளுடைய ஒரு தொடர் நாளடைவில் தேய்ந்து இச்சொல்லாயிற்று. எதிரில் நிற்பவரை 'நீ' என்னாது அவர்தம் அருளைச் சுட்டியதால், அதற்குரிய வினையும் படர்க்கை வினையாகவே நின்றுவிட்டது. தமிழிலோ, படர்க்கைக்குரிய 'தாம்', 'தாங்கள்' என்னும் சொற்களை முன்னிலையில் உயர்வு தோன்ற வழங்குகின்றோம். பன்மையாகிய 'நீங்கள்' ஒருவர்க்கும் மரியாதைச் சொல்லாயிற்று. பிரெஞ்சு மொழியின் 'வூ' என்பதும் அத்தகையதே.

வியங்கோள், தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். பின்வந்த நன்னூல், அஃது எல்லா இடத்தும் எல்லாப் பாலிலும் வரும் என்றது. வழக்கு விரிந்தமையை இவ்விரு நூல்களும் காட்டுகின்றன. 'வருக', 'அமர்க' என்று நாம் எதிரில் உள்ளவரை அழைப்பது அவ்விரிவின் பயனே.

ஆயினும், ஒற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடலாகாது. இசுபானிய விருப்பப் பாங்கு இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்ப ஈறு மாறும். 'வாழ்க' என்பதோ, நான், நீ, அவர் என யாரைக் குறிப்பினும் மாறாது. 1549 அளவில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அன்ரீக்கே அடிகளார் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். இலத்தீன் இலக்கணத்தின் கட்டங்களில் தமிழ் வினைகளை அடுக்கினார். அவர் உழைப்பு பெரிது. எனினும் ஈறு மாறாத வியங்கோளுக்கு அக்கட்டங்கள் பொருந்துவன அல்ல. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1730-இல் தொன்னூல் விளக்கத்தை இயற்றியபோது, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் தமிழ் மரபையே பின்பற்றினார்.

பிறமொழி கற்கும் மாணவர்க்கு இவ்வரலாறு ஒரு வழிகாட்டி. ஒப்பிட்டுக் கற்பது நன்று. ஆனால் ஒரு மொழியை மற்றொன்றின் அளவுகோலால் அளந்து, குறையுடையது என்று முடிவு கட்டுதல் தகாது. அம்மொழியார் பெரியோரை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதை முதற்கண் செவிமடுங்கள். இலக்கணம் அங்கிருந்து எளிதில் விளங்கும்.