கண்ணாடித் தாங்கியா, பிளாஸ்டிக் தாங்கியா? வேப் கருவி பற்றி எங்கள் வீடுகள் அறிய வேண்டியவை

ஆடி, ஆவணி விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வரும் புலம்பெயர் உறவுகள் சிலரின் கைப்பையில் இப்போது சிகரெட் பெட்டிக்குப் பதிலாக வேப் எனப்படும் இலத்திரனியல் சிகரெட் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் வெளிநாட்டுப் பயணிகளின் கையிலும் அதைக் காணலாம். விடுமுறை முடிந்து அவர்கள் திரும்பும்போது ஒன்றிரண்டு கருவிகள் இங்குள்ள மருமக்கள், பெறாமக்கள் கைக்கு வந்துவிடுகின்றன. உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் என்னிடம் இரு தரப்பாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். திரவம் ஊற்றும் தாங்கி கண்ணாடியில் இருப்பது நல்லதா, பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லதா?

சுருக்கமான பதில், கண்ணாடி. ஆனால் ஏன் கண்ணாடி என்று விளங்கிக்கொண்டால், தாங்கியை விட அதற்குள் இருக்கும் திரவம் பற்றித்தான் கூடுதலாகக் கேட்க வேண்டியிருந்தது என்பது தெரியவரும். அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கேள்வி ஏன் இப்போது எழுகிறது?

பிரித்தானியாவில் ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் வேப் கருவிகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்டது. மின்கலமும் பிளாஸ்டிக்கும் குப்பையாகக் குவிந்ததும், சிறுவர்கள் அவற்றை இலகுவாக வாங்கியதும் தடைக்கான காரணங்கள். அதன்பின் பாவனையாளர்கள் பலர் மீண்டும் மீண்டும் நிரப்பக்கூடிய கருவிகளுக்கு மாறினர். நிரப்பும் கருவி என்றால் தாங்கி வேண்டும். தாங்கி என்றதும் எதனால் செய்தது என்ற கேள்வி வருகிறது.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஒரு மின்கலம், சூடாகும் சுருள்கம்பி, திரவத்தை உறிஞ்சும் பஞ்சு, திரவம் நிற்கும் தாங்கி. திரவத்தில் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரின் ஆகிய இரண்டும்தான். அவற்றோடு நிக்கொட்டினும் சுவையூட்டிகளும் கலக்கப்படுகின்றன. கம்பி சூடாகும்போது திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியையே இழுக்கிறார்கள்.

எதை ஊற்றுகிறோமோ அதற்கேற்ற தாங்கி

திருகோணமலையில் தாங்கி என்ற சொல்லைக் கேட்டால் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். அவை உருக்கினால் ஆனவை. எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் நிற்கும் தண்ணீர்த் தாங்கி பிளாஸ்டிக்கினால் ஆனது. பாடசாலை ஆய்வுகூடத்தில் அமிலம் கண்ணாடிப் போத்தலில் இருக்கும். உள்ளே இருக்கும் திரவம் எதுவோ அதைப் பொறுத்தே தாங்கியின் பொருள் தெரிவாகிறது. வேப் தாங்கிக்கும் இந்த விதிதான்.

வேப் தாங்கிகளில் மலிவானவை அக்ரிலிக் அல்லது பொலிகார்பனேற் என்ற தெளிவான பிளாஸ்டிக்கினால் செய்யப்படுகின்றன. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் மட்டும் இருந்தால் இவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சிக்கல் சுவையூட்டிகளால் வருகிறது. கறுவா, எலுமிச்சை, தோடம்பழம், கோலா, சோம்பு போன்ற சுவைகள் பிளாஸ்டிக் தாங்கியை வெடிக்க வைப்பதில் பெயர் பெற்றவை.

காரணம் இதுதான். கறுவாவுக்கு மணம் தருவது சின்னமல்டிஹைட் என்ற சேர்வை. தோடம்பழத் தோலின் மணத்துக்குக் காரணம் லிமோனீன். இவை பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகின்றன. அச்சில் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இறுக்கம் தங்கியிருக்கும். பிடி தளர்ந்த இடத்தில் அந்த இறுக்கம் மயிரிழை போன்ற வெடிப்புகளாக வெளிப்படுகிறது. முதலில் தாங்கி மங்கலாகும். பிறகு கோடுகள் தெரியும். கடைசியில் திரவம் கசியும்.

மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியில் பெற்றோல் பட்டால் அந்த இடம் கரைந்து குழியாவதைத் துறைமுகப் பக்கம் வேலை செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். தோடம்பழத் தோலின் எண்ணெயும் ரெஜிபோமை அதேபோலக் கரைக்கும். வேப் தாங்கியில் நடப்பது இதன் மெதுவான வடிவம். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் கருவியை வைத்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. இப்போது வரும் சிறிய பொட் வகைக் கருவிகளில் பெரும்பாலும் பி.சி.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் பயன்படுகிறது. அது அக்ரிலிக்கை விட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வாங்குபவருக்கு எது எந்தப் பிளாஸ்டிக் என்று பார்த்துச் சொல்வது கடினம். பெட்டியில் எழுதியிராவிட்டால் கறுவா, எலுமிச்சை வகைத் திரவங்களை அதில் ஊற்றாமல் இருப்பதே சரி.

கண்ணாடித் தாங்கிகள் பொதுவாக ஆய்வுகூட முகவைகள் செய்யும் போரோசிலிக்கேற் கண்ணாடியால் ஆனவை. சுவையூட்டிகள் அதை அரிப்பதில்லை. சூட்டில் அது விரிவடைவது சாதாரண கண்ணாடியின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். முந்திய திரவத்தின் மணமும் அதில் தங்காது. கழுவினால் போய்விடும். மருந்துக்கடையில் கராம்பு எண்ணெய் சின்னக் கண்ணாடிப் போத்தலில் வருவதும் இதே காரணத்தால்தான்.

கண்ணாடியின் குறை எல்லோருக்கும் தெரிந்தது. விழுந்தால் உடையும். சீமெந்துத் தரையில், படகின் விளிம்பில், காற்சட்டைப் பொக்கற்றில் அது பாதுகாப்பானதல்ல. உடைந்தால் கண்ணாடித் துண்டோடு நிக்கொட்டின் திரவமும் கையில் படும். வெட்டுக் காயத்தில் நிக்கொட்டின் படுவது நல்லதல்ல. கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதற்கான சிலிக்கன் வளையத்தை மாட்டிவைப்பதும், மயிரிழை வெடிப்புத் தெரிந்தவுடன் மாற்றுவதும் அவசியம்.

கண்ணாடி எதைத் தடுக்காது?

இங்கேதான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். கண்ணாடித் தாங்கி வாங்கினால் நெஞ்சுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். தாங்கி கரைந்து திரவத்தில் கலப்பதை மட்டுமே கண்ணாடி தடுக்கிறது. திரவத்தில் ஏற்கெனவே இருப்பதை அது தடுப்பதில்லை. சூடாகும் உலோகக் கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்றவை ஆவியில் கலப்பதையும் தடுப்பதில்லை.

பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும் ஒரு பொருள் அதனாலேயே நுரையீரலைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. அதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும். சின்னமல்டிஹைட்டைப் பொறுத்தவரை அவ்வாறு ஆராய்ந்திருக்கிறார்கள். சுவாசக் குழாயின் உட்சுவரில் சளியையும் தூசியையும் மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. சின்னமல்டிஹைட் பட்ட கலங்களில் அந்த மயிரிழைகளின் அசைவு குறைந்ததை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின.

சாப்பாட்டில் சேர்க்கலாம் என்பதால் சுவாசிக்கலாம் என்று ஆகாது. வெண்ணெய் மணம் தரும் டயசெற்றில் இதற்கு உதாரணம். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள்தான் அது. ஆனால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மீளாத நுரையீரல் நோய் வந்தது 2000 ஆம் ஆண்டில் தெரியவந்தது. குடல் சமாளிப்பதை நுரையீரல் சமாளிக்காது.

எங்கள் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய், யூக்கலிப்டஸ் எண்ணெய் எல்லாம் எங்கள் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த திரவம் முடிந்ததும் இவற்றைக் கலந்து நிரப்பலாமா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கே தங்கி அழற்சியை ஏற்படுத்தும். அமெரிக்காவில் 2019 இல் தொடங்கிய நுரையீரல் பாதிப்பு அலையில் 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். அவர்களில் 68 பேரின் இறப்பு உறுதிசெய்யப்பட்டது. முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது விற்றமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்ப் பொருள். கஞ்சாத் திரவங்களைத் தடிப்பாக்க அதைச் சேர்த்திருந்தார்கள். யார் கலந்தது, எதைக் கலந்தது என்று தெரியாத திரவம் எந்தத் தாங்கியில் இருந்தாலும் ஆபத்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்க முடியாது. அதே சட்டத்தின் கீழ் 2016 இல் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடைசெய்தன. ஆகவே இங்கே இரகசியமாக விற்கப்படுபவை எந்தத் தரக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவையல்ல. பிரித்தானியாவில் தாங்கி 2 மில்லிலீற்றருக்கும், நிக்கொட்டின் திரவப் போத்தல் 10 மில்லிலீற்றருக்கும், நிக்கொட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாது. இங்கே கைமாறும் போத்தலில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க யாரும் இல்லை.

சென்னை வழியாக வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியா 2019 இல் இலத்திரனியல் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லல், விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் சட்டத்தால் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் இந்திய ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

சிறுபிள்ளைகள் உள்ள வீடுகள்

யுத்த காலத்திலும் அதன் பின்னரும் குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் என்று நினைத்து அதைக் குடித்த பிள்ளைகளை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை எல்லா ஊரிலும் உண்டு. பழ மணமும் இனிப்பும் உள்ள வேப் திரவம் அதைவிடக் கவர்ச்சியானது. ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்றால் 10 மில்லிலீற்றர் போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கிறது. சிறுபிள்ளைக்குச் சில மிடறுகளே உயிராபத்து. 2014 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு குழந்தை இவ்வாறு இறந்தது. அதன்பின் அமெரிக்காவில் பிள்ளைகள் திறக்க முடியாத மூடி சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோலில் பட்டால் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவுங்கள்.

யார் எதைச் செய்யலாம்?

முகாம்களிலும் தடுப்பிலும் பீடி பழகி இன்றும் விட முடியாமல் இருக்கும் அண்ணன்மார், ஐயாமார் எங்களிடையே பலர். நெஞ்சில் செல்துண்டோடு வாழ்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். புகைப்பழக்கத்தை விட நிக்கொட்டின் வேப் பலருக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிரித்தானிய சுகாதார சேவையும் புகைக்கும் பெரியவர்களுக்கு அதை ஒரு வழியாகச் சொல்கிறது. ஆனால் அது தரம் பார்த்து விற்கும் நாட்டின் நிலை. இங்கே அந்த வழி இல்லை. ஏற்கெனவே நுரையீரல் பாதிப்புள்ளவர்கள் உறவினர் கொடுத்த கருவியை இழுத்துப் பார்ப்பதை விட, மாவட்டப் பொது வைத்தியசாலையின் நெஞ்சு நோய்ப் பிரிவில் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

புகைக்காத இளையவர்களுக்குக் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியே வேண்டாம். அவர்களுக்கு வேப் புதிதாக ஒரு அடிமைத்தனத்தைத்தான் தரும்.

வெளிநாட்டில் வேப் பாவிக்கும் உறவுகளுக்குச் சொல்வது இது. அங்கே கண்ணாடித் தாங்கியையும், உள்ளடக்கம் எழுதிய திரவத்தையும் பாவியுங்கள். கறுவா, எலுமிச்சைச் சுவைகளைப் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். ஊருக்கு வரும்போது கருவியை விட்டுவிட்டு வாருங்கள். பாதி மிஞ்சிய போத்தலையோ பழைய கருவியையோ இங்குள்ள பிள்ளைகளிடம் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.